'ஓம்ஸ் மேட்ச் ஆகணும்': ஒரு வாக்கியத்தின் மீது கொஞ்சம் விமர்சனம்

ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ ஒரு மைக் செட் கடைக்குப் போய், ஆம்ப்ளிஃபயருக்கும் குழாய்க்கும் எப்படி ஒயர் கொடுக்கணும்னு கேளுங்கள். "ஓம்ஸ் மேட்ச் ஆகணுங்க" என்பார்கள். சேலத்தில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கும் கல்லூரிப் பையனிடம் கேளுங்கள். "ஆம்ப் 8 ஓம்னா கேபினெட்டும் 8 ஓம் இருக்கணும், இல்லன்னா போயிடும்" என்பான். எலெக்ட்ரிகல் பி.இ. முடித்தவரிடம் கேளுங்கள். அவரும் அதையே சொல்லி, கூடவே மேக்சிமம் பவர் டிரான்ஸ்ஃபர் தியரம் என்று பெயரும் சொல்வார்.

மூன்று பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு பொருளில். அதில் ஒருவர் சொல்வது இந்த இடத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. யார் என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

இது வார்த்தை விளையாட்டு இல்லை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையில் தொடங்கி ஊர் ஊராக மாரியம்மன் நோன்பு வரும்போது, ஒரு யூனிட் எரிந்தால் செட்டுக்காரருக்கு அன்றைய வாடகை போச்சு. வால்வ் கிடார் ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போனால் அதே மாடலுக்கு மாற்று கிடைப்பது சுலபமில்லை. ஒரு விதியை அரைகுறையாகப் புரிந்துகொள்வதற்கு யாரோ ஒருவர் கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தத் தியரம்

1840 வாக்கில் மோரிட்ஸ் யாகோபி சொன்னது இது. ஒரு மின்மூலத்துக்கு உள்தடை இவ்வளவு என்று நிலையாக இருந்தால், வெளியே மாட்டும் லோடும் அதே அளவு இருக்கும்போதுதான் லோடுக்கு அதிகபட்ச பவர் போகும். லேபில் ஒரு ரியோஸ்டாட்டைத் திருப்பித் திருப்பி கிராஃப் போட்டு, உச்சி எங்கே வருகிறது என்று பார்ப்போமே, அதேதான்.

கணக்கு சரி. ஆனால் "உள்தடை நிலையாக இருந்தால்" என்ற நிபந்தனையைத் தேர்வு எழுதியதும் மறந்துவிடுகிறோம். லோடு நிலையாக இருந்து, உள்தடையை நாம் தேர்ந்தெடுக்கலாம் என்றால் விடை தலைகீழாகிவிடும். அப்போது உள்தடை பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஏனென்றால் இரண்டும் சமமாக இருக்கும்போது பாதி பவர் மூலத்துக்குள்ளேயே சூடாகப் போய்விடும். 1870களின் கடைசியில், டைனமோவில் 50 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். எடிசனும் அவருடைய கணித உதவியாளர் ஃபிரான்சிஸ் அப்டனும் உள்தடையை வேண்டுமென்றே குறைத்து டைனமோ கட்டி, அதைத் தாண்டிக் காட்டினார்கள்.

இப்போது ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு டேம்பிங் ஃபேக்டர் 100 என்று போட்டிருந்தால், அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் 0.08 ஓம். தியரத்தை நம்பி "மேட்ச்" பண்ணினால் 0.08 ஓம் ஸ்பீக்கர் மாட்ட வேண்டும். அது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். ஃப்யூஸ் போகும், இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும்.

ஆக, டிரான்சிஸ்டர் ஆம்பின் பின்னால் "8 ஓம்" என்று எழுதியிருப்பது ஆம்பின் சொந்த இம்பீடன்ஸ் அல்ல. "இதற்குக் கீழே மாட்டாதே" என்ற எச்சரிக்கை. 16 ஓம் மாட்டினால் ஒன்றும் ஆகாது, சத்தம் கொஞ்சம் குறையும். 4 ஓம் மாட்டினால் கரண்ட் இரண்டு மடங்கு, சூடு அதிகம். இங்கே மேட்ச் என்ற சொல்லே பொருத்தமில்லை.

வீட்டு கரண்ட்டை யோசித்துப் பாருங்கள். 230 வோல்ட்டில் 60 வாட் குண்டு பல்பின் தடை ஏறக்குறைய 882 ஓம். தெருமுனை இ.பி. டிரான்ஸ்பார்மரோடு அதை யாராவது மேட்ச் பண்ணுகிறோமா? வாட்ஸ் மட்டும்தான் கூட்டுகிறோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மைக் செட் பக்கம் போகும்போது தேவைப்படும்.

கிடார் பையன் சொல்வது எங்கே சரி

கிடார் உலகத்தில் இந்த வாக்கியத்துக்கு உண்மையான வேர் உண்டு. அது வால்வ் ஆம்ப்.

வால்வுக்கு அதிக வோல்டேஜ், குறைந்த கரண்ட் பிடிக்கும். ஸ்பீக்கருக்கு நேர்மாறு. நடுவில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் நின்று இரண்டையும் சேர்த்து வைக்கிறது. டிரான்ஸ்பார்மருக்கு என்று சொந்தமாக 8 ஓமோ 16 ஓமோ கிடையாது. அதனிடம் இருப்பது சுற்று விகிதம் மட்டும். இம்பீடன்ஸ் அந்த விகிதத்தின் வர்க்கத்தில் மாறி எதிர்ப்பக்கம் தெரியும். இரண்டு இ.எல்.34 வால்வுகள் 4000 ஓம் லோடை எதிர்பார்க்கின்றன, நம் கையில் 8 ஓம் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். 4000-ஐ 8-ஆல் வகுத்தால் 500. அதன் வர்க்கமூலம் சுமார் 22.4. அந்த விகிதத்தில் காயில் சுற்ற வேண்டும்.

இதே 8 ஓம் டேப்பில் 16 ஓம் கேபினெட்டைச் செருகினால் வால்வுகளுக்கு 8000 ஓம் தெரியும். 4 ஓம் கேபினெட் என்றால் 2000. இங்கேயும் யாகோபி தியரம் வேலை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். 4000 ஓம் என்பது வால்வின் உள்தடை அல்ல. வால்வைக் கெடுக்காமல், டிஸ்டார்ஷன் கட்டுக்குள் இருக்க, நல்ல பவர் எடுக்க டிசைனர் தேர்ந்தெடுத்த லோடு.

இரண்டு பக்கமும் தவறலாம், ஆனால் இரண்டும் ஒரே தவறு அல்ல. லோடு குறைந்தால் வால்வில் கரண்ட் கூடும், பிளேட் சூடாகும், வால்வின் ஆயுள் குறையும். லோடு கூடினால் பிளேட்டில் வோல்டேஜ் துள்ளும், ஸ்கிரீன் கிரிட்டில் சூடு ஏறும். ஒரு படி மேலேயோ கீழேயோ பெரும்பாலான ஆம்ப்கள் தாங்கும். எதுவுமே மாட்டாமல் வால்யூம் ஏற்றி வாசிப்பதுதான் உண்மையான ஆபத்து. டிரான்ஸ்பார்மரில் சேரும் சக்திக்குப் போக இடமில்லாமல் வோல்டேஜ் பாய்ந்து காயிலின் இன்சுலேஷனைப் பிளந்துவிடும். ஃபெண்டர் ஆம்ப்களில் ஸ்பீக்கர் ஜாக்கில் பிளக் இல்லாவிட்டால் ஜாக்கே அவுட்புட்டை ஷார்ட் பண்ணிவிடும்படி வைத்திருந்தது இதனால்தான். வால்வ் ஆம்புக்கு ஷார்ட் அவ்வளவாக ஆபத்தில்லை, திறந்த அவுட்புட்தான் எமன். டிரான்சிஸ்டருக்கு அப்படியே தலைகீழ்.

கிடார் பசங்களுக்கு வரும் அறிவுரையில் இந்தத் தலைகீழ் சரியாக வந்து சேர்வதில்லை. வால்வுக்கான பயத்தை டிரான்சிஸ்டர் ஆம்புக்கும், டிரான்சிஸ்டருக்கான தைரியத்தை வால்வ் ஆம்புக்கும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். "ஸ்பீக்கர் இல்லாமலும் ஆன் பண்ணலாம், ஒண்ணும் ஆகாது" என்பது ஒரு டிரான்சிஸ்டர் ஆம்புக்குப் பெரும்பாலும் சரி. அதே நம்பிக்கையோடு வால்வ் ஆம்பில் ஏறினால் செலவு.

எண்களும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஃபெண்டர் பாஸ்மேனில் நான்கு 8 ஓம் ஸ்பீக்கர் பேரலலில், மொத்தம் 2 ஓம். 1960களின் தொடக்கத்தில் லண்டனில் மார்ஷல் அந்த சர்க்யூட்டை ஒட்டி ஜே.டி.எம்.45 செய்தார்கள். பிறகு மார்ஷலின் நாலு ஸ்பீக்கர் கேபினெட்டில் வழக்கமானது, 16 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாக சீரிஸில் போட்டு அந்த இரண்டு ஜோடியையும் பேரலல் செய்வது. மொத்தம் மறுபடியும் 16. ஒரே வம்சத்து ஆம்ப்கள், ஒன்றுக்கு 2, இன்னொன்றுக்கு 16. "கிடார் கேபினெட் என்றால் 8 ஓம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மைக் செட்காரர் சொல்வது

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் சுவாரசியம் வந்ததே இங்கேதான்.

நம் பக்கம் ஓடும் அஹூஜா மாதிரி பி.ஏ. ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பாருங்கள். காமன், 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று வரிசையாகத் திருகுகள். டிரான்சிஸ்டர் ஆம்ப்தான், ஆனாலும் உள்ளே அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. மேலைநாட்டு கிடார்காரர்கள் வால்வ் ஆம்பின் பின்னால் பார்க்கும் அதே டேப்கள். கிடாரையே தொடாத ஒருவர், நோன்புச் சாட்டுக்குக் குழாய் கட்டும்போது, கிடார் டெக்னீஷியன் போடும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

குழாய்க்குள் இருக்கும் யூனிட் பெரும்பாலும் 16 ஓம். நான்கு குழாய் பேரலல் என்றால் 4 ஓம், 4 ஓம் திருகில் போடலாம். எட்டுக் குழாயை அப்படியே பேரலல் போட்டால் 2 ஓம், இதற்குத் திருகே இல்லை. அதனால் இரண்டிரண்டாக சீரிஸ், ஒரு ஜோடி 32 ஓம். நாலு ஜோடி பேரலல், மொத்தம் 8 ஓம். விவரம் தெரிந்த செட்டுக்காரர் இதைக் கணக்காகச் சொல்ல மாட்டார். "எட்டுன்னா ரெண்டு ரெண்டா கோத்து எட்டுல போட்ருங்க தம்பி" என்று வாய்ப்பாடு மாதிரி சொல்வார். விடை அதேதான்.

தூரம் கூடும்போது இன்னும் நுட்பமாகிறது. கோயிலிலிருந்து 200 மீட்டர் தள்ளி முச்சந்தியில் ஒரு குழாய். போக 200, வர 200, மொத்தம் 400 மீட்டர் ஒயர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் கிலோமீட்டருக்கு 12 முதல் 13 ஓம், ஆக ஒயரே சுமார் 5 ஓம். குழாய் 8 ஓம் என்று வைத்தால், ஆம்ப் பார்ப்பது 13 ஓம். ஆம்ப் பக்கத்திலேயே இருந்தால் கிடைக்கும் பவரில் அந்தக் குழாய்க்கு 38 சதவீதம்தான் போய்ச் சேரும். மிச்சம் போன இடம் ஒயரும், ஆம்ப் கொடுக்காமல் விட்டதும்.

இதற்கு மருந்துதான் 100 வோல்ட் லைன். ஒவ்வொரு குழாய் பக்கத்திலும் ஒரு லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர். 60 வாட்டுக்கு என்றால் லைனுக்குத் தெரியும் இம்பீடன்ஸ் 100-இன் வர்க்கத்தை 60-ஆல் வகுத்தது, சுமார் 167 ஓம். 167-க்கு முன் அந்த 5 ஓம் ஒயர் ஒன்றுமே இல்லை, 3 சதவீதத்துக்கும் குறைவான நஷ்டம். மேட்டூரிலிருந்து கரண்ட்டை உயர் அழுத்தத்தில் ஏற்றி அனுப்புவதன் சின்ன வடிவம் இது.

இப்படி ஓட்டும்போது யாரும் ஓம்ஸ் கூட்டுவதில்லை. வாட்ஸ் கூட்டுகிறார்கள். "250 வாட் ஆம்ப், நாலு அறுபது போட்டாச்சு, போதும்." இ.பி. லைனில் பல்பு மாட்டுகிற அதே கணக்கு. டிரான்ஸ்பார்மரின் பெயரில்தான் "மேட்சிங்" இருக்கிறது. வேலை, இவ்வளவு வாட்டுக்கு மேல் இழுக்காதே என்று பங்கு பிரிப்பது. தியரம் படித்த நாம் வாயால் "மேட்ச்" என்கிறோம், அவர் கையால் சரியானதைச் செய்கிறார்.

அவர்களையும் விட்டுவிட முடியாது

மைக் செட் அனுபவத்தைக் கும்பிட்டுவிட்டுப் போவது என் நோக்கம் இல்லை. அங்கேயும் மூன்று ஓட்டைகள் அடிக்கடி தென்படுகின்றன.

ஒன்று, மல்டிமீட்டர். அது டி.சி. தடையைத்தான் காட்டும், இம்பீடன்ஸைக் காட்டாது. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 சொச்சம் காட்டும், 16 ஓம் யூனிட் 12, 13 காட்டும். "குறையுது, காயில் போச்சு" என்று நல்ல யூனிட்டைக் கழற்றிவிடக் கூடாது. இம்பீடன்ஸ் ஒரே எண்ணும் அல்ல, சுருதிக்குச் சுருதி மாறும். பெட்டியில் எழுதும் எண் ஒரு சுற்று எண், நிஜத்தில் அதன் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதுதான் சர்வதேசத் தரம்.

இரண்டு, கலப்படக் கோர்வை. 8 ஓம் யூனிட்டையும் 16 ஓம் யூனிட்டையும் சீரிஸில் போட்டால் 16-க்கு இரண்டு பங்கு, 8-க்கு ஒரு பங்கு பவர். பேரலலில் போட்டால் அது தலைகீழ். மொத்த ஓம்ஸ் அழகாகத் திருகோடு பொருந்தும், ஆனால் ஒரு யூனிட் மட்டும் வருஷா வருஷம் டயாபிரம் மாற்றக் கேட்கும். மொத்தம் சரியாக வந்தால் மட்டும் போதாது, பங்கும் சரியாக வர வேண்டும்.

மூன்றாவது ரொம்ப மோசம். அவசரத்தில் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் 8 ஓம் குழாயை நேராக 100 வோல்ட் திருகில் கொடுப்பது. கணக்குப்படி அது 1250 வாட் கேட்கும். ஆம்பில் அவ்வளவு இல்லை என்பதால் ஆம்ப் திணறும், கிடைப்பதே குழாயை எரிக்கப் போதும். யூனிட்டைக் கொல்ல இதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கம் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தத் திறமையை நம்பி அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஆடியோ டிரான்ஸ்பார்மரில் சுற்று எண்ணிக்கை மட்டும் போதாது. பிரைமரியையும் செகண்டரியையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்றியிருப்பார்கள், உயர் சுருதி போய்ச் சேர அது வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சுற்றினால் ஓம்ஸ் பொருந்தும், சத்தம் மழுங்கிவிடும்.

சத்தத்துக்காக மேட்ச் பண்ணுவதா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது: "மேட்ச் இல்லன்னா சத்தம் குறையுமா?" குறையும். ஆனால் எவ்வளவு? பவர் பாதியானால் 3 டெசிபல் குறைகிறது. நம் காது "சத்தம் பாதியாச்சு" என்று உணர சுமார் 10 டெசிபல் வேண்டும். ஓம்ஸில் தவறியதால் பாதி பவர் போனாலும், பந்தலில் நிற்பவருக்குச் சட்டென்று தெரியாது.

குழாய் சத்தமாக இருப்பதற்குக் காரணம் மேட்ச் அல்ல, கூம்பு. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 105 டெசிபல் தரும் கூம்பு சாதாரணம். அதே 1 வாட்டில் சாதா பாக்ஸ் ஸ்பீக்கர் 90 சொச்சம். அந்தக் கூம்புக்கு 40 வாட் கொடுங்கள், 16 டெசிபல் கூடும். 64 மீட்டர் தள்ளிப் போங்கள், 36 குறையும். மிச்சம் 85 டெசிபல். ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்குச் சொல்வது பகலில் 55, இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கியே கூடாது என்பது பொது விதி. நம்மிடம் சத்தத்துக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. அதனால் ஓம்ஸ் கணக்கைச் சத்தத்துக்காகப் போடுவது வீண். ஆம்பும் யூனிட்டும் உயிரோடிருக்கப் போடுங்கள்.

நாதத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஃபீட்பேக் குறைவான வால்வ் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம். அதனால் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் எங்கெல்லாம் ஏறுகிறதோ அங்கெல்லாம் சத்தமும் ஏறும். அடியில் ஒரு திமிறல், மேலே ஒரு மினுமினுப்பு. கிடார்காரர்கள் உயிரை விடும் "டோன்" பாதி இதுதான். அவர்கள் சில சமயம் வேண்டுமென்றே ஒரு டேப் மாற்றிச் செருகுவதும் இதற்காகத்தான். அவர்களுக்கு 'மேட்ச்' என்பது ருசி விவகாரமும்கூட.

நம்ம குழாய்க்கும் அப்படி ஒரு நாதம் உண்டு, ஆனால் அதில் ஒரு இழப்பும் உண்டு. குழாய் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே பாடாது. பேஸ் கிடாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். 1976-இல் அன்னக்கிளி வந்ததிலிருந்து இளையராஜா பேஸ் கிடாருக்கு எவ்வளவு வேலை கொடுத்தார் என்று இன்று ஹெட்போனில் கேட்டு வியக்கிறோம். சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துக் கிராமங்களில் ஒரு தலைமுறை அந்தப் பாட்டுகளைக் கல்யாண வீட்டுக் குழாயில்தான் முதலில் கேட்டது. பேஸின் அடிச்சுருதி அவர்களுக்கு வரவே இல்லை. மேலே இருக்கும் கிளைச்சுருதிகளிலிருந்து காது தானாக ஊகித்துக்கொண்டது. எந்தத் திருகில் எந்த ஒயரைக் கொடுத்திருந்தாலும் அந்த 41 ஹெர்ட்ஸ் கூம்பைத் தாண்டி வந்திருக்காது. மேட்ச் செய்து பெற முடியாதவையும் இருக்கின்றன.

அப்போ என்ன சொல்லலாம்?

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக நான்கு சொல்லிக் கொடுக்கலாம் என்பது என் பரிந்துரை:

1. டிரான்ஸ்பார்மர் இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப்: எழுதியிருக்கும் ஓமுக்குக் கீழே போகாதே. மேலே போனால் பரவாயில்லை.

2. வால்வ் ஆம்ப்: கேபினெட்டின் ஓம் எதுவோ அந்த டேப். வேறு வழியில்லை என்றால் ஒரு படி தள்ளலாம். ஸ்பீக்கர் இல்லாமல் மட்டும் ஒருபோதும் வாசிக்காதே.

3. 100 வோல்ட் லைன்: ஓமை மற, வாட்டைக் கூட்டு. மொத்தம் ஆம்பின் வாட்டைத் தாண்டக் கூடாது. டிரான்ஸ்பார்மர் இல்லாத குழாய் அந்த லைன் பக்கமே போகக் கூடாது.

4. எதுவானாலும்: மொத்தத்தோடு நிறுத்தாதே, ஒவ்வொரு யூனிட்டுக்கும் என்ன பங்கு போகிறது என்று பார்.

நாலும் சேர்ந்து ஒரு பக்கம்கூட வராது. கல்லூரி லேபில் அந்த ரியோஸ்டாட் பரிசோதனைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு காலம் கூடுதலாகப் போட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் எஃபிஷியன்சி எவ்வளவு என்று எழுதச் சொன்னாலே போதும். உச்சியில் 50 சதவீதம்தான் நிற்கிறது என்பதை மாணவரே தன் கையால் எழுதுவார். "அப்போ நம்ம வீட்டு கரண்ட் ஏன் இப்படி வரலை?" என்று ஒருவராவது கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் பக்கத்து மைக் செட் கடையில் ஒரு ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கடைசித் திருகில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும்.